பக்கவாசலைத் திருத்துவது: பர்மாவின் பழைய பண்ணைவீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு தெற்குப் பர்மாவில் தட்டோன் பக்கம். ஒரு புறம் நெல்வயல், மறுபுறம் ரப்பர். தாத்தா காலத்து மரவீடு, தகரக் கூரை, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் தூண்மேல் நிற்கும். ரோட்டைப் பார்த்தபடி அகலமான படிக்கட்டும் தேக்குக் கதவும் உண்டு. அந்தக் கதவு பொங்கலுக்குத் திறக்கும், பெண் பார்க்க வந்தால் திறக்கும், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் திறக்கும். மற்ற நாளெல்லாம் பால்காரர், பக்கத்து வயல் மோன் இனத்துக்காரர், வேலையாட்கள், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் என்று எல்லோரும் அடுக்களைப் பக்கமாகத்தான் வருவார்கள். முன்வாசல் சாமிக்கும் சம்பந்திக்கும், பக்கவாசல் நமக்கு.

ஆனால் காசு செலவழிக்க நினைத்தால் எல்லோரும் முன்வாசலுக்குத்தான் பெயின்ட் அடிக்கிறோம். பக்கவாசலில் ஆறு மாதம் சேறு, ஆடுகிற படி, அறுந்த செருப்புக் குவியல். இந்த வழிகாட்டி அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான். நான் இரண்டு வருஷத்தில், கொஞ்சம் சரியாகவும் கொஞ்சம் தப்பாகவும் செய்து கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். பெகு பக்கமோ மோல்மேன் பக்கமோ இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். வறண்ட மேட்டுப் பர்மாக்காரர்கள் மழை பற்றிய பகுதியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

காலக்கணக்கு முதலில். மழை விட்டு மண் இறுகும் நவம்பரில் தொடங்குங்கள். ஏப்ரல் நடுவில் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா வருவதற்குள் பெரிய வேலையெல்லாம் முடிந்திருக்க வேண்டும். மே நடுவில் மழை பிடித்துக்கொண்டால் அக்டோபர்வரை மண்ணைத் தொட முடியாது. அறுப்பு நேரத்தில் ஆள் கிடைக்காது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

1. ஒரு வாரம் சும்மா பாருங்கள்

மண்வெட்டியை எடுக்காதீர்கள். ஒரு காலை, ஒரு மாலை, ஓர் இரவு, முடிந்தால் ஒரு மழைநாள், அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து யார் எங்கே கால் வைக்கிறார்கள் என்று பாருங்கள். அடுப்புச் சாம்பலை ஒரு கையளவு அந்தத் தடத்தில் தூவி வையுங்கள். மறுநாள் பார்த்தால் கால்கள் போன பாதை தெளிவாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் அந்தத் தடம் கேட்டிலிருந்து நேராக வரவில்லை. பலாமரத்தைச் சுற்றி, கிணற்றடியைத் தொட்டு, அப்புறம்தான் படிக்கு வந்தது. தம்பி அதை நேராக்க வேண்டும் என்று நின்றான். கிணற்றில் கை கால் கழுவாமல் யாரும் வீட்டுக்குள் வருவதில்லையே, நேர்ப்பாதை போட்டால் அது ஒரு பக்கம் கிடக்கும், சனம் பழைய சேற்றிலேயே நடக்கும் என்று அம்மா சொன்னார். அம்மா சொன்னதுதான் சரி. கால் போட்ட வழியிலேயே கல்லைப் போடுங்கள்.

அதே வாரத்தில் தோலாஜி என்கிற இன்ஜின் வைத்த சுமை வண்டி எங்கே திரும்புகிறது, மாடு எங்கே போகிறது, நெல் மூட்டையை எந்த வழியாக ஏற்றுகிறார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மனிதர் நடக்கும் பாதையில் வண்டிச் சக்கரம் ஏறக் கூடாது. ஏறினால் ஒரே பருவத்தில் செங்கல் எல்லாம் கோணிவிடும். இரண்டும் குறுக்கிட்டே ஆகவேண்டும் என்றால், அந்த இடத்தில் மட்டும் எட்டடி நீளத்துக்குக் கான்கிரீட் போட்டுவிடுங்கள்.

2. தண்ணீருக்கு வழி

இதைச் செய்யாமல் மற்றதைச் செய்தால் காசு தண்டம். மோல்மேனில் ஆண்டு மழை ஏறக்குறைய 4,800 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப்போல மூன்று மடங்குக்கும் மேல், அதுவும் பெரும்பகுதி நாலைந்து மாதத்துக்குள். 100 சதுர அடித் தகரத்தில் ஒரு அங்குல மழை பெய்தால் 236 லிட்டர் தண்ணீர் வழியும். உங்கள் பக்கவாசலுக்கு மேலே சாயும் கூரை 300 சதுர அடி என்று வையுங்கள். ஆகஸ்டில் மூன்று அங்குலம் பெய்கிற ஒரு நாளில் 2,100 லிட்டருக்கு மேல் உங்கள் படிக்கட்டின் தலையில் கொட்டுகிறது. படி ஏன் உளுத்தது என்று வேறு காரணம் தேட வேண்டாம்.

கூரைத் தண்ணீரைப் பிடித்து ஓட்டும் பீலியை வீடு முழுக்கப் போட வசதி இல்லாவிட்டால் வாசலுக்கு நேர்மேலே பத்தடி நீளத்துக்கு மட்டுமாவது போடுங்கள். தகரப் பீலியானால் பத்தடிக்கு ஒரு அங்குலம் சாய்வு, இரண்டடிக்கு ஒரு கொக்கி. மூன்றடிக்கு ஒன்று போதும் என்று நானும் நினைத்தேன், ஜூலையில் பீலி நடுவில் தொங்கிப்போனது. பீலி முடிகிற இடத்தில் ஒரு தாழி வைத்தால் கால் கழுவத் தண்ணீர் ஆயிற்று. தாழிக்கு மூடி கட்டாயம், இல்லையென்றால் டெங்குக் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த கதைதான்.

பீலி இல்லாத இடத்தில் கூரைத் தண்ணீர் விழுகிற கோட்டைப் பிடித்து ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, முஷ்டி அளவுச் சரளைக்கற்களால் நிரப்புங்கள். தண்ணீர் தெறிக்காது, மண் அரிக்காது. வாய்க்காலின் அடி வயல் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கல்லைப் போடுங்கள்.

3. நடைபாதை

அகலம் நாலடி. தலையில் கூடையோடு ஒருவர் வர, எதிரே இன்னொருவர் ஒதுங்கிப் போக அது போதும். மூன்றடிக்குக் கீழே வேண்டாம்.

தரைக்கு இங்கே இரண்டு நல்ல பொருள்கள் உண்டு. ஒன்று செம்புரைக்கல், பர்மியர் கவன் என்று சொல்வது. மண்ணுக்குள் இருக்கும்போது கோடாலியால் வெட்டலாம், காற்றுப் பட்டுக் காய்ந்தால் இறுகிக் கல்லாகிவிடும். தட்டோன் வட்டாரத்துப் பழைய பகோடாக்களின் அடித்தளத்தைப் பாருங்கள், நூற்றாண்டுக்கணக்காக மழையைத் தாங்கி நிற்பது இந்தக் கல்தான். மேற்பரப்பு சொரசொரப்பு, வெறுங்கால் வழுக்காது. இன்னொன்று நன்றாகச் சுட்ட செங்கல். இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். தொப்பென்று கேட்டால் பாதி வெந்தது, இரண்டு மழையில் கரையும்.

பளபளப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம். நான் முதல் வருஷம் படிக்கு முன்னால் ஆறடிக்கு அதைத்தான் போட்டேன். கடைக்காரர் வழுக்காது என்று அடித்துச் சொன்னார். ஜூன் மாதம் அத்தை மீன்கூடையோடு விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இப்போது அந்த டைல்ஸ் மாட்டுக் கொட்டகைச் சுவரில் இருக்கிறது, அங்கே யாரும் நடக்க மாட்டார்கள்.

போடும் முறை இப்படி. சாம்பல் தடத்தின் இருபுறமும் மூங்கில் முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். ஆறரை அங்குலம் தோண்டுங்கள். மேல்மண்ணைச் செடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாதைக்கு அடியில் போடாதீர்கள். அது ஊறி அமுங்கும். நாலு அங்குல உயரத்துக்கு உடைந்த செங்கல்லோ சரளையோ பரப்பி, இரண்டு தடவையாகத் திமிசால் இடியுங்கள். குதிகாலால் ஓங்கி மிதித்தால் பள்ளம் விழக் கூடாது, அதுவரை இடிக்க வேண்டும். அதன் மேல் ஒன்றரை அங்குலம் மணல். மணலை ஒரு நேரான மரச்சட்டத்தால் இழுத்து மட்டப்படுத்தி, செங்கல்லைப் படுக்கைவாக்கில் அடுக்குங்கள்.

இரண்டு ஓரத்திலும் செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து வரம்பு கட்டாவிட்டால், பாதை பக்கவாட்டில் விரிந்துபோகும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஓரம் மறு ஓரத்தைவிட ஒரு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும், நாலடி அகலத்துக்கு அந்தச் சாய்வு போதும். தாழ்ந்த ஓரம் வீட்டுக்கு எதிர்ப்பக்கம். முடிந்த பாதை சுற்றுத்தரையைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். பள்ளம் கணக்கைவிடக் கொஞ்சம் ஆழமானால் சரளையைக் கூட்டிக்கொள்ளுங்கள், மணலைக் கூட்டாதீர்கள்.

கணக்கு: 40 அடி நீளம், நாலடி அகலம் என்றால் 160 சதுர அடி. ஒன்பதுக்கு நாலரை அங்குலச் செங்கல் ஏறக்குறைய 570 பிடிக்கும், உடைவுக்குச் சேர்த்து 600 வாங்குங்கள். ஓர வரம்புக்குத் தனி. சரளை இடித்தபின் 53 கன அடி நிற்க வேண்டும், இடித்தால் அமுங்கும் என்பதால் 65 வாங்க வேண்டும். மணல் 20, இடுக்கில் தூவ இன்னும் இரண்டு மூன்று.

இடுக்குகளைச் சிமென்ட் வைத்துப் பூசாதீர்கள். மேஸ்திரி பூசத்தான் சொல்வார். மணல் இடுக்கு தண்ணீரை உறிஞ்சிவிடும், ஒரு கல் அமுங்கினால் அதை மட்டும் பெயர்த்து வைக்கலாம். மழைக்காலப் பாசிக்கு மாதம் ஒருமுறை தேங்காய் நார்த் துடைப்பமும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும். மரநிழல் இல்லாத இடத்தில் அதுவும் தேவைப்படாது.

4. படிக்கட்டு

பழைய வீட்டுப் படிகளில் பெரும்பாலும் கடைசிப் படி மட்டும் உயரம் மாறியிருக்கும், தரை கரைந்தோ ஏறியோ போனதால். கால் அளவைப் பழகிவிடும், கண் பார்க்காது. அரை அங்குல வித்தியாசம் போதும், இருட்டில் தடுக்கி விழ. எங்கள் தரை உயரம் 42 அங்குலம். ஏழு ஏற்றமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். வலதுகால் வைத்துத் தொடங்கினால் வலதுகாலோடு வீட்டுக்குள் போகலாம், ஒற்றைப்படையும் ஆயிற்று என்று அம்மாவுக்கும் திருப்தி. முன்பு ஐந்து ஏற்றம்தான் இருந்தது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டரை அங்குலம். பாட்டி ஏன் கடைசிக் காலத்தில் வெளியே வரவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மிதிபலகை அகலம் பதினொரு அங்குலமாவது வேண்டும்.

மரம் பியின்கடோ. ஒரு காலத்தில் ரயில் பாதைக்குக் குறுக்குக் கட்டையாகப் போட்ட மரம், கரையான் லேசில் நெருங்காது. ஆணி இறங்காது, துளை போட்டுத்தான் அடிக்க வேண்டும். படியைத் தாங்கும் சாய்வுச் சட்டத்தின் காலை மண்ணில் ஊன்றாதீர்கள். அடியில் ஆறு அங்குல உயரத்தில் ஒரு செம்புரைக்கல்லை வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். எந்த மரமும் மண்ணும் ஈரமும் சேர்கிற இடத்தில்தான் முதலில் போகும்.

கைப்பிடி இரண்டு பக்கமும், மிதிபலகையிலிருந்து 34 முதல் 36 அங்குல உயரத்தில். இளசுகள் சிரிப்பார்கள், போடுங்கள்.

பூச்சு பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டில் மரவீடுகளுக்குக் கச்சா எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். பழைய வீடுகள் கறுப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். பர்மியர் அதை யேனான் என்பார்கள், நாற்றத் தண்ணீர் என்று பொருள். எண்ணெய்க் கிணறுகளுக்குப் பேர்போன யேனாஞ்சாங் ஊரின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. தூணின் அடியிலும் படியின் அடிப்பக்கத்திலும் பூசினால் கரையானுக்கு நல்லது. கைப்பிடியில் மட்டும் பூசாதீர்கள், வருகிற விருந்தாளி லுங்கியில் கறை வாங்கிக்கொண்டு போவார். கைப்பிடிக்கும் மிதிபலகைக்கும் ஆளிவிதை எண்ணெய் போதும், வருஷத்துக்கு ஒரு தடவை. வார்னிஷ் மிதிபலகையில் வழுக்கும்.

5. கதவடியும் கோலமும்

படி ஏறியதும் நாலுக்கு நாலடி மேடை இருக்கட்டும். கதவைத் திறக்க ஒரு படி பின்வாங்க வேண்டியிருந்தால் அது வாசலே இல்லை. மேலே ஐந்தடி அகலம், நாலடி நீட்டல், ஏழடி உயரத்தில் ஒரு சாய்ப்பு. குடையை மடக்கும் அந்த அரை நிமிஷம் நனையாமல் நிற்கத்தான் இது. சாய்ப்பின் தண்ணீர் பக்கவாட்டில் விழ வேண்டும், படிமேல் விழக் கூடாது.

அடுத்தது கோலம். இதில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு மாதம் சண்டை. வழுக்காத சொரசொரப்புத் தரையில் கோலம் வராது. கோலம் வரும் வழவழப்புத் தரையில் அத்தை விழுவார். கடைசியில் கண்ட வழி, படிக்கட்டின் அடியில் நடக்கும் தடத்துக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி, நாலடிச் சதுரத்தைப் பாதையிலிருந்து விட்டுவிடுவது. அங்கே செங்கல் இல்லை. களிமண்ணும் உமியும் கலந்து இடித்து, சாணம் மெழுகிய தரை. வரும்போது இடப்பக்கம் கோலம் தெரியும், யாரும் மிதிக்க மாட்டார்கள். மழை மாதங்களில் கோலம் மேல்மேடைக்கு ஏறிவிடும், நிலைப்படிக்கு முன்னால் சின்னதாக. மார்கழியில் திரும்ப இறங்கும். பக்கவாசலுக்கு நிலைப்படி மஞ்சள் குங்குமம் எதற்கு என்று முன்பு கேட்டவர்கள் இப்போது இங்கேதான் மாவிலை கட்டுகிறார்கள்.

கதவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டாம். கீலுக்கு எண்ணெய், மழையில் ஊதி அடைத்துக்கொள்ளும் அடிச்சட்டத்தை ஜனவரியில் கொஞ்சம் இழைத்துவிடுவது, வெளுத்த பச்சையோ நீலமோ ஒரு பூச்சு. அவ்வளவுதான்.

6. கால், செருப்பு, உட்கார இடம்

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எந்த வீட்டுக்குள்ளும் நுழைகிற நாடு இது. அப்படியிருக்க, வாசலில் செருப்புக்கு ஓர் இடம் செய்யாமல் விடுவது விசித்திரம். சாய்ப்புக்கு அடியில், படியின் ஓரத்தில் மூங்கில் தட்டு இரண்டு அடுக்கு. அடியில் இடைவெளி இருக்கட்டும், பாம்பு சுருண்டு கிடந்தால் தெரிய வேண்டும்.

வயல் சேற்றைச் சுரண்ட, தேய்ந்துபோன மண்வெட்டி இலையைப் பாதை தொடங்கும் இடத்தில் விளிம்பு மேலே தெரியப் புதைத்து வைத்தோம், ஆறு அங்குல உயரத்தில். செலவே இல்லாத விஷயம், வந்தவர்கள் எல்லோரும் கேட்டுப்போவது இதைத்தான். விளிம்பை அரம் வைத்து மழுங்கடித்துவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு.

உட்கார ஒரு குப்பியிட், அந்த மூங்கில் மேடை, பலாமரத்தடியில். பதினேழு அங்குல உயரம் இருந்தால் வயசானவர்கள் எழுந்திருக்கச் சுலபம். நம் திண்ணை செய்த வேலையை இது செய்யும். வீட்டுக்குள் வரத் தயங்குகிறவர் இங்கே உட்கார்ந்து ஒரு வாய் தேத்தண்ணீர் குடிப்பார். கேட் ஓரத்தில் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பானை வைப்பது பர்மியர் வழக்கம், ஊருக்கு ஊர் பார்க்கலாம். நம்முடைய தண்ணீர்ப் பந்தலின் சின்ன உருவம்தான். ஒரு நிழல் கூரை, இரண்டு மண்பானை, மூடி, குவளை. தினமும் தண்ணீர் மாற்ற ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள்.

7. வெளிச்சமும் பாம்பும்

இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். நெல்வயல் உள்ள இடத்தில் கண்ணாடி விரியன் உண்டு. எலி இருக்கும் இடத்துக்கு அது வரும். ஆகவே பாதையின் இருபுறமும் மூன்றடிக்கு வெறுந்தரையோ வெட்டிய புல்லோ இருக்கட்டும். விறகு, உடைந்த ஓடு, வைக்கோல் எதையும் அங்கே அடுக்காதீர்கள். சிந்திய நெல்லை அன்றன்றே கூட்டிவிடுங்கள்.

மின்சாரத்தை நம்பி விளக்குப் போடுவதில் பயனில்லை. ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற சோலார் விளக்கு மூன்று போதும்: கேட்டில் ஒன்று, கிணற்றடித் திருப்பத்தில் ஒன்று, படியில் ஒன்று. பாதையில் உள்ளவற்றை முழங்கால் உயரத்தில் வையுங்கள். உயரத்தில் இருந்தால் கண்ணைக் கூசும், தரை தெரியாது. மழை மாதத்தில் வெயில் போதாமல் இரவு நடுவில் அணைந்துவிடும், அதனால் கதவோரம் டார்ச் தொங்க ஓர் ஆணி வேண்டும்.

8. செடியும் கேட்டும்

படியோரத்தில் துளசி மாடம், அதன் பின்னால் கறிவேப்பிலை, வெட்சி. மல்லிகையைச் சாய்ப்புத் தூணில் ஏற்றலாம். செம்பருத்தியை மூன்றடி தள்ளி வையுங்கள், இலை அடர்ந்தால் அடியை இரண்டடிக்குக் கழித்துவிட வேண்டும். படாவ் மரம் எல்லோருக்கும் ஆசை. ஏப்ரலில் முதல் தூறலுக்கு மரமே மஞ்சளாகும் அழகு, ஒரே நாளில் உதிர்ந்தும் போகும். ஆனால் பெரிய மரம், பாதையைவிட்டு முப்பதடி தள்ளித்தான்.

கேட்டுக்குக் கான்கிரீட் வளைவு கட்டிப் பெயர் எழுதுவது இப்போது மோஸ்தர். 1930 மே 5 நிலநடுக்கத்தில் பெகுவின் ஷ்வேமாடோ பகோடாவே இடிந்த பூமி இது. 2025 மார்ச் 28இல் மண்டலே, சகாயிங் பக்கம் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆட்கள் தினமும் நடந்து போகிற தலைக்கு மேலே கனமான எதுவும் வேண்டாம். இரண்டு மரத்தூண், பத்தடி அகலத்தில் வண்டிக்கு மூங்கில் கேட், பக்கத்தில் மூன்றரை அடிக்கு ஆள் நுழைய ஒரு சின்ன கேட். சின்ன கேட்டிலிருந்து பார்த்தால் படியும் கதவும் தெரிய வேண்டும். மறைக்கிற கிளை எதுவானாலும் வெட்டிவிடுங்கள். புது ஆள் எந்தப் பக்கம் போவது என்று நிற்காமல் வருவார்.

காசு ஒரேயடியாக இல்லையா? முதல் வருஷம் பீலியும் வாய்க்காலும் படியும். இரண்டாம் வருஷம் பாதை. மீதியெல்லாம் கைவேலை, விட்டுவிட்டுச் செய்யலாம்.

மே மாதம் முதல் பெருமழை வரும்போது குடையோடு வெளியே போய்ப் பாதை முழுக்க நடந்து பாருங்கள். தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் அது கிணற்றடித் திருப்பத்தில் இருந்தது. வெயில் எட்டிப் பார்த்த நாளில் எட்டுச் செங்கல்லைப் பெயர்த்து, அடியில் சரளையும் மணலும் திணித்துத் திரும்ப வைக்க அரை மணி நேரம் ஆனது.